கடலோரத்தில் ஓர் இரவு தங்க யாருக்கு உரிமை?

2022ஆம் ஆண்டில் மன்ஹாட்டன் பீச் என்ற ஊர் இரண்டு முறை செய்திகளில் அடிபட்டது. நியூயார்க்கில் இருக்கும் மன்ஹாட்டன் அல்ல இது. கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டி இருக்கும் சிறிய கடற்கரை நகரம். மக்கள்தொகை சுமார் 35,000. பணக்காரர்களின் ஊர். கறுப்பின மக்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார்கள்.

அந்த ஆண்டு ஏப்ரலில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. வீடுகளைச் சில நாட்களுக்கு மட்டும் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடக்கூடாது என்று நகர மன்றம் போட்டிருந்த தடை, கடலோர மண்டலத்தில் செல்லாது என்றது அந்தத் தீர்ப்பு. மூன்று மாதம் கழித்து, ஜூலையில், அதே ஊரின் கடற்கரையில் ஒரு நிலம் கைமாறியது. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கறுப்பினக் குடும்பத்திடமிருந்து நகராட்சி பறித்த நிலம் அது. அதன் பத்திரத்தை அந்தக் குடும்பத்தின் வாரிசுகளிடமே அரசு ஒப்படைத்தது.

இரண்டும் வேறு வேறு செய்திகளாகத்தான் வெளிவந்தன. ஒன்று வீட்டு வாடகை பற்றியது, மற்றொன்று இனவெறி பற்றியது. ஆனால் இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்வி என்று நமக்குப் படுகிறது. கடலோரத்தில் யார் ஓர் இரவு தங்கலாம் என்பதை யார் முடிவு செய்வது? கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்களா, கடல் தங்களுக்கும் சொந்தம் என்று வெளியிலிருந்து வருபவர்களா?

வில்லா புரூஸ் வாங்கிய மனை

1912இல் வில்லா புரூஸ் என்ற கறுப்பினப் பெண் இந்த ஊரில் கடலைப் பார்த்த ஒரு மனையை 1,225 டாலருக்கு வாங்கினார். அவருடைய கணவர் சார்லஸ் ரயிலின் உணவுப் பெட்டியில் சமையல்காரர். ஆகவே தொழிலை முன்னின்று நடத்தியவர் வில்லாதான். முதலில் ஒரு சிறு கடை. உடை மாற்றிக்கொள்ள இடம். குளியல் உடைகள் வாடகைக்கு. வருமானம் வர வர உணவகமும் நடன அரங்கும் தங்கும் அறைகளும் எழுந்தன. பிறகு பக்கத்து மனையையும் வாங்கினார்கள். மக்கள் அந்த இடத்தை 'புரூஸ் பீச்' என்று அழைத்தார்கள்.

அந்தக் காலத்தில் தென் கலிபோர்னியாவில் கறுப்பின மக்கள் நிம்மதியாகக் கடலில் கால் நனைக்கக்கூடிய இடங்கள் மிகச் சில. விடுதிகளில் அறை கிடைக்காது, உணவகத்தில் இலை விழாது. இந்த நிலையில் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து குளித்து, சாப்பிட்டு, ஆடிப் பாடி, இரவு தங்கிப் போக ஓர் இடம் கிடைத்தது என்றால் அதன் பொருள் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓய்வு என்பதும் ஓர் உரிமை. நாள் முழுக்க அடுத்தவர் வீட்டில் வேலை செய்பவருக்கு அது இன்னும் பெரிய உரிமை.

தொல்லை தொடக்கத்திலேயே வந்துவிட்டது. புரூஸ் மனைக்கும் கடலுக்கும் இடையில் இருந்த மணல்பரப்பு ஒரு வெள்ளை நில வணிகருடையது. அவர் அங்கே 'அத்துமீறி நுழையாதே' பலகைகளை நட்டார். கண்ணெதிரே இருக்கும் கடலுக்கு மக்கள் அரை மைல் சுற்றி நடந்தார்கள், ஆனாலும் வந்தார்கள். வந்தவர்களின் கார் சக்கரங்களில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். தீ வைக்கும் முயற்சிகளும் நடந்தன. அப்படியும் கூட்டம் குறையவில்லை. சில கறுப்பினக் குடும்பங்கள் அக்கம்பக்கத்தில் மனை வாங்கி வீடும் கட்டிக்கொண்டன.

மிரட்டலால் முடியாததைக் கடைசியில் ஒரு தீர்மானம் செய்தது.

பூங்கா என்ற பெயரில்

1924இல் நகர நிர்வாகம் அந்தப் பகுதியில் இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட மனைகளைக் கையகப்படுத்த முடிவெடுத்தது. காரணம்: பொதுப் பூங்கா. தீர்மானத்தில் இனம் பற்றி ஒரு சொல் கிடையாது. வெள்ளையர்களின் மனைகளும் பட்டியலில் இருந்தன; ஆனால் அவை பெரும்பாலும் காலி மனைகள். வீடு கட்டிக் குடியிருந்தவர்களும் தொழில் நடத்தியவர்களும் கறுப்பினக் குடும்பங்களே. அதே காலத்தில் கடற்கரையில் உடை மாற்றுவதற்கும் குளியல் விடுதி நடத்துவதற்கும் எதிரான உள்ளூர் விதிகளும் வந்தன. இங்கே விட்ட தொழிலை அதே ஊரில் வேறோர் இடத்தில் தொடங்கவும் வழியில்லாமல் போயிற்று.

புரூஸ் தம்பதியர் வழக்காடினார்கள். நிலத்துக்கும் இழப்புக்கும் சேர்த்து 1,20,000 டாலர் கேட்டார்கள். 1929இல் கிடைத்தது 14,500 டாலர். அதற்கு முன்பே, 1927இல், கட்டடங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. சொந்த விடுதி நடத்தியவர்கள் பிறரிடம் சமையல் வேலைக்குப் போனார்கள். சில ஆண்டுகளில் இருவரும் இறந்துபோனார்கள்.

அவசரமாகத் தேவைப்பட்ட அந்தப் பூங்கா? நிலம் பல பத்தாண்டுகள் வெறுமனே கிடந்தது.

1927இல் இன்னொன்றும் நடந்தது. நகராட்சி கடற்கரையைப் பெயரளவுத் தொகைக்கு ஒரு தனியாருக்குக் குத்தகைக்கு விட்டது. இனி அது 'தனியார் இடம்', உள்ளே வருபவரைக் கைது செய்யலாம். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பினர் வேண்டுமென்றே கடலில் இறங்கிக் குளித்தார்கள், கைதானார்கள். எதிர்ப்பு வலுத்தபின் குத்தகை ரத்தானது. ஒரு பொது நீர்நிலையில் எல்லோர் கண்ணெதிரே இறங்குவதே போராட்டம்! அதே 1927 மார்ச்சில்தான் மகாடில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் சவுதார் குளத்துக்கு நடந்து போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துச் செய்ததல்ல இது. இரண்டு இடங்களிலும் பூட்டு ஒரே மாதிரியாக இருந்தது, அதனால் திறக்கும் வழியும் ஒன்றாக இருந்தது.

இது ஓர் ஊரின் கதை மட்டும் என்றும் எண்ண வேண்டாம். அதே கடலோரத்தில் சற்று வடக்கே இருக்கும் சாண்டா மோனிகாவில் 1922இல் கறுப்பினத் தொழில்முனைவோர் சிலர் சேர்ந்து கடற்கரை விடுதி கட்டத் திட்டமிட்டார்கள். வெள்ளை நில உரிமையாளர்கள் சங்கம் அமைத்து எதிர்த்தார்கள். நகராட்சி கட்டுமான விதிகளைத் திருத்தித் திட்டத்தை முடக்கியது. அங்கும் விதியின் வாசகத்தில் நிறம் இல்லை. விதி யார்மீது விழுந்தது என்பதில்தான் நிறம் இருந்தது.

2015இன் தடை

இப்போது ஏப்ரல் தீர்ப்புக்கு வருவோம். 2008இல் ஏர்பிஎன்பி தொடங்கிய பிறகு, வீட்டையோ அறையையோ சில இரவுகளுக்கு வாடகைக்கு விடுவது உலகம் முழுக்கப் பெருந்தொழில் ஆனது. சுற்றுலா ஊர்கள் ஒவ்வொன்றும் தங்கள் விதிகளைத் திருத்தத் தொடங்கின. மன்ஹாட்டன் பீச் நகர மன்றம் 2015இல் முழுத் தடையைத் தேர்ந்தெடுத்தது. 30 நாளுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடக்கூடாது. காரணமாகச் சொல்லப்பட்டவை: இரைச்சல், வாகன நெரிசல், குடியிருப்புப் பகுதியின் அமைதி.

இந்தத் தடைக்கும் 1924க்கும் நோக்கம் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் வேண்டும். இரைச்சல் உண்மையான தொல்லைதான். பக்கத்து வீட்டில் வாரந்தோறும் கூத்து நடந்தால் யாருக்கும் தூக்கம் கெடும். நாம் பார்க்க வேண்டியது விளைவை. நூறு ஆண்டுகளுக்கு முன்பே யார் நிலம் வாங்கலாம், யார் வாங்கக்கூடாது என்று முடிவான ஓர் ஊரில், 'குடியிருப்பவர்களின் அமைதி' என்று சொன்னால் அது யாருடைய அமைதி? அங்கே குடியிருக்க முடிந்தவர்களின் அமைதி. வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்த மன்றத்தில் ஓட்டு இல்லை.

கலிபோர்னியாவில் இதற்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. 1972இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் கடலோரத்துக்கென ஓர் ஆணையம் உருவானது. 1976இன் கடலோரச் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. கடற்கரைக்குப் பொதுமக்கள் போகும் வழியைக் காப்பது, குறைந்த செலவில் வந்து தங்கும் வசதிகளைப் பாதுகாப்பது ஆகிய இரண்டும் அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. ஓர் ஊர் தன் கடலோர நிலப் பயன்பாட்டு விதியை மாற்ற வேண்டுமானால் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். 2016இல் வந்த ஒரு திருத்தம், சுற்றுச்சூழல் நீதியையும் கருத்தில் கொள்ளும் அதிகாரத்தை ஆணையத்துக்குத் தந்தது. அதே ஆண்டின் இறுதியில் ஆணையம் கடலோர ஊர்களுக்கு எழுதியது: குறுகிய கால வாடகையை ஒழுங்குபடுத்துங்கள், ஆனால் முழுத் தடை மக்கள் கடற்கரைக்கு வருவதைக் கட்டுப்படுத்திவிடும்.

மன்ஹாட்டன் பீச் முதலில் ஒப்புதல் கேட்டது, பிறகு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எங்கள் பழைய விதிகளே இப்படி வாடகைக்கு விடுவதை அனுமதித்ததில்லை, ஆகவே இது மாற்றமே அல்ல என்பது அதன் வாதம். ஒரு வீட்டு உரிமையாளர் வழக்குப் போட்டார். பழைய விதிகள் வீட்டை வாடகைக்கு விட அனுமதித்தன. எத்தனை நாள் என்ற வரம்பே அவற்றில் இல்லை. ஆகவே 2015இல் வந்தது புதிய மாற்றம்தான், ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் அது செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

திறந்த கதவிலும் ஒரு தாழ்ப்பாள்

அப்படியானால் குறுகிய கால வாடகை ஒடுக்கப்பட்டவர்களுக்கு நல்லது என்று முடித்துவிடலாமா? முடியாது.

ஒரு காலத்தில் அது நல்லதாக இருந்தது உண்மை. 1936 முதல் 1960களின் நடுப்பகுதி வரை விக்டர் கிரீன் என்ற அஞ்சல் ஊழியர் தொடங்கிய 'கிரீன் புக்' என்ற வழிகாட்டி வெளிவந்தது. கறுப்பினப் பயணிகள் எந்த ஊரில் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று ஊர் ஊராகப் பட்டியலிட்ட நூல் அது. விடுதிகள் இல்லாத ஊர்களில் 'டூரிஸ்ட் ஹோம்' என்ற பெயரில் தனி வீடுகளின் முகவரிகள் இருக்கும். தங்கள் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, வழிப்போக்கரான தம் மக்களுக்கு ஓரிரு இரவு வாடகைக்கு விட்டவர்கள் அவர்கள். குறுகிய கால வாடகை என்பது ஒரு செயலி கண்டுபிடித்த புதுமை அல்ல. கதவடைக்கப்பட்ட மக்கள் ஒருவருக்கொருவர் கதவு திறந்துவைத்த ஏற்பாடு.

1964இன் குடியுரிமைச் சட்டம் விடுதிகளிலும் உணவகங்களிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது. ஆனால் அதில் ஒரு விலக்கு இருக்கிறது. உரிமையாளர் தானும் குடியிருந்துகொண்டு ஐந்து அறைகளுக்கு மிகாமல் வாடகைக்கு விடும் இடத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. 'திருமதி மர்ஃபி விலக்கு' என்று இதைச் சொல்வார்கள். தன் வீட்டில் இரண்டு மூன்று அறைகளை வாடகைக்கு விடும் ஏழை விதவை என்று ஒரு கற்பனைப் பாத்திரத்தைக் காட்டி நடந்த வாதத்திலிருந்து வந்த பெயர். வேறு பழைய சட்டங்களின் துணையோடு வழக்காட முடியும் என்றாலும், சட்டமே ஒரு சந்து விட்டுவைத்தது. அரை நூற்றாண்டு கழித்து லட்சக்கணக்கான திருமதி மர்ஃபிகளை ஒரே செயலி ஒன்றுசேர்த்தது.

விளைவு என்ன? ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் ஐந்து அமெரிக்க நகரங்களில் சுமார் 6,400 வீட்டுக்காரர்களுக்கு ஏர்பிஎன்பி வழியாக விண்ணப்பம் அனுப்பிப் பார்த்தார்கள். விண்ணப்பங்களில் பெயரைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. கறுப்பினப் பெயர் என்று அடையாளம் தெரியும் பெயர்களுக்கு ஒப்புதல் கிடைக்கும் வாய்ப்பு 16 சதவீதம் குறைந்தது. 2017இல் வெளியான இந்த ஆய்வுக்கு முன்பே, 2016இல், அறை மறுக்கப்பட்ட கறுப்பினப் பயணிகள் தங்கள் அனுபவங்களைச் சமூக ஊடகங்களில் குவித்திருந்தார்கள். வழக்குகளும் போராட்டங்களும் நெருக்கிய பிறகே நிறுவனம் மெல்ல மெல்ல மாறியது. 2022இல் ஓரிகான் மாநிலத்தவருக்கு மட்டும், முன்பதிவு உறுதியாகும்வரை பெயருக்குப் பதில் முதலெழுத்தை மட்டும் வீட்டுக்காரருக்குக் காட்டும் முறை வந்தது. பெயரைக் கேட்டவுடன் அடுத்த கேள்வி எங்கே போகும் என்று தெரிந்த நமக்கு, அந்த ஓர் எழுத்தின் அருமை புரியும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு வீட்டை மாத வாடகைக்கு விடுவதைவிட இரவு வாடகைக்கு விட்டால் அதிகம் கிடைக்கும் என்றால், உரிமையாளர் குடித்தனக்காரரை வெளியேற்றுவார். சுற்றுலா ஊரில் அறை துடைப்பவரும் சமைப்பவரும் அந்த ஊரிலேயே குடியிருக்க முடியாத நிலை இப்படித்தான் வருகிறது. அதனால் 2015இல் சாண்டா மோனிகா வேறு வழியில் போனது. வீட்டுக்காரர் கூடவே குடியிருந்தால் அறையை வாடகைக்கு விடலாம். முழு வீட்டையும் 30 நாளுக்குக் குறைவாக விடக்கூடாது. குடியிருப்பு வீடுகள் சுற்றுலா விடுதிகளாக மாறிவிடாமல் தடுப்பதே நோக்கம். கதவு முழுதாக மூடவும் இல்லை, முதலாளிக்கு முழுதாகத் திறந்துவிடவும் இல்லை.

ஆகவே 'தடை நல்லதா, சுதந்திரம் நல்லதா' என்பது நம் கேள்வியாக இருக்க முடியாது. தடையும் நம்மை வெளியே நிறுத்தியிருக்கிறது, சந்தையும் வெளியே நிறுத்தியிருக்கிறது.

ஊர் முடிவு

1917இல் பரோடாவில் வேலையில் சேரப் போன அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகளுக்கான ஒரு விடுதியில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். சில நாட்களில் உண்மை தெரிந்து, தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவருக்கு ஊரில் ஓர் அறை இல்லை. அரசியலமைப்பின் 15ஆவது கூறு, கடைகளோடும் கிணறுகளோடும் உணவகங்களையும் விடுதிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுப் பாகுபாட்டைத் தடை செய்வது தற்செயல் அல்ல என்றே நாம் வாசிக்கிறோம்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தையே ஆட்சியின் அடிப்படை அலகாக்க வேண்டும் என்றவர்களை அம்பேத்கர் கடுமையாக மறுத்ததை நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். ஊர் தன்னைத் தானே ஆளட்டும் என்பது கேட்க இனிமையாக இருக்கும். ஊர் என்றால் யார் என்பதில் சேரி சேராதபோது, அந்த ஆட்சி சேரிக்கு எதிரானது. மன்ஹாட்டன் பீச்சின் நூறு ஆண்டுகள் அவர் சொன்னதற்கு வெகுதூரத்திலிருந்து வரும் சாட்சி. 1924இல் உள்ளூர் மன்றத்தைத் தட்டிக்கேட்க மேலே யாரும் இல்லை, நிலம் போனது. 2015இல் மேலே ஒரு சட்டமும் ஆணையமும் இருந்தன, தடை நிற்கவில்லை.

நிலம் திரும்பிய கதையும் இதையே சொல்கிறது. பறித்த நிலத்தை நகராட்சி தன்னிடம் வைத்திருக்கவில்லை. 1948இல் அது மாநிலத்துக்கும் 1995இல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டிக்கும் போனது. கைமாற்றக்கூடாது என்ற நிபந்தனை இருந்ததால், கவுண்டி விரும்பினாலும் திருப்பித் தர முடியாது. 2021 செப்டம்பரில் மாநிலம் தனிச் சட்டம் இயற்றி நிபந்தனையை நீக்கிய பிறகே வழி திறந்தது. அதே 2021இல் உள்ளூர் நகர மன்றம் என்ன செய்தது தெரியுமா? நடந்ததை ஒப்புக்கொண்டு கண்டித்துத் தீர்மானம் போட்டது. மன்னிப்பு கேட்கப் பெரும்பான்மை கிடைக்கவில்லை.

நிலத்தைப் பெற்ற வாரிசுகள் 2023இல் சுமார் 2 கோடி டாலருக்கு அதைக் கவுண்டிக்கே விற்றார்கள். 'இதற்காகத்தானா போராடினீர்கள்?' என்று கேட்டவர்கள் உண்டு. விற்கும் உரிமையும் சேர்ந்ததுதான் சொத்துரிமை. பறித்தவர்களுக்கு, பறிகொடுத்தவர் என்ன செய்ய வேண்டும் என்று பாடம் நடத்தும் தகுதி கிடையாது. நம்மை உறுத்துவது வேறு. புரூஸ் குடும்பத்தோடு நிலம் இழந்த மற்ற கறுப்பினக் குடும்பங்களுக்கு அந்தச் சட்டத்தால் எதுவும் திரும்பவில்லை. அந்த மனைகள் இன்றும் நகராட்சிப் பூங்காதான்.

பஞ்சமி நிலத்துக்காகப் போராடும் நமக்கு இதில் கற்க ஒன்று இருக்கிறது. 1892இல் தொடங்கிய ஒப்படைப்பில், பிற வகுப்பாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை காகிதத்தில் இருந்தும் நிலம் கைவிட்டுப் போனது. புரூஸ் நிலம் திரும்பியதற்குக் காரணம் இரக்கம் அல்ல. தேதி, விலை, தீர்மானம், தீர்ப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஆவணம் இருந்தது; அதைத் தேடி எடுத்து எழுதிக்கொண்டே இருந்தவர்கள் இருந்தார்கள். மாணவர்களாக இருக்கும் தோழர்கள் செய்யக்கூடிய வேலை இது.

நம் மலை ஊர்களிலும் கடற்கரை ஊர்களிலும் ஹோம்ஸ்டே பெருகி வருகிறது, விதிகளும் வரும். அந்த விதிகள் அமைதி, தூய்மை, குடும்பச் சூழல் என்று பேசும். அந்தச் சொற்களோடு நின்றுவிடாமல் நாம் கேட்க வேண்டியவை: அந்த ஊரில் வாடகைக்கு விடும் அளவுக்கு நிலம் யாரிடம் இருக்கிறது, அது எப்படி அவர்களிடம் வந்தது? பெயரையோ உணவையோ கேட்டு அறை மறுத்தால் எங்கே புகார் செய்வது, யார் விசாரிப்பது? அங்கே அறை துடைப்பவர் இரவு எங்கே தூங்குகிறார்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத விதி எவ்வளவு அழகான சொற்களில் எழுதப்பட்டிருந்தாலும், அது 1924இன் பூங்காதான்.